சந்தனம் வைத்த ரூட்டர்

காலை ஒன்பது மணியிலிருந்து அந்த ரூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு விழுப்புரத்திலிருந்து தேர்வாளர் வந்துவிடுவார். திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் லேப் என் பொறுப்பு. அன்றைக்கு அரியர் எழுத ஒரே ஆள்தான், கோட்டக்குப்பத்து நாசியா. இந்த பிராக்டிகலில் பாஸ் என்று கடிதம் காட்டினால்தான் திங்கட்கிழமை அவளுக்கு சென்னையில் வேலை.

ரூட்டரில் கேபிள் செருக இரண்டே போர்ட். இரண்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். இதிலிருந்து கூப்பிட்டால் அது பதில் சொல்ல வேண்டும். பதில் கிடக்கட்டும், போர்ட்டில் விளக்கே எரியவில்லை. எல்லா செட்டிங்கையும் மூன்று தடவை அழித்து அடித்தேன். எரிச்சல் தலைக்கேறியது. பழக வந்திருந்த நாசியா மேல் பாய்ந்தேன்.

"கேபிள் முனைல நீ அமுக்குன கிரிம்பிங்தான்மா சரியில்ல. வேற கேபிள் போடு."

போட்டாள். நாலு கேபிள். கேபிள் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. டெஸ்டரே ஓட்டை என்றேன்.

மணி ஒன்று. சாப்பாடும் இல்லை. அவள் போன் டார்ச்சைப் போர்ட்டுக்குள் அடித்தாள்.

"சார், உள்ள ஏதோ மஞ்சளா அடைச்சிக்கினு இருக்குது."

குனிந்து பார்த்தேன். சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்தது, மூன்று வாரத்தில் கல்லாகக் காய்ந்திருந்தது.

"கோதண்டபாணி!" லேப் உதவியாளர் ஓடி வந்தார். "அறிவிருக்காய்யா? ஓட்டைக்குள்ளயா சந்தனம் வைப்பாங்க? ஒரே பேஜாரா போச்சு!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"நான் டப்பா மேலதான் சார் வச்சேன். நீங்கதான் ரெண்டு போர்ட்டும் நல்லா வேல செய்யணும்னு சொல்லிக்கினே ஒவ்வொண்ணுத்துலயும் சந்தன விரல வச்சி அமுக்கினீங்க."

நாசியா தரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கரண்டை நிறுத்திவிட்டு, பழைய பல் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக நானே உட்கார்ந்து சுரண்டினேன். ஒன்றே முக்காலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஸ்பிரிட் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

தேர்வாளர் வந்தார். நாசியா எல்லாவற்றையும் அழித்து, அவர் கண்முன்னால் இருபது நிமிடத்தில் மறுபடி அமைத்துக் காட்டினாள். கடைசியாக அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"லைட் எரியலன்னா என்ன பண்ணுவ?"

"போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சிப் பாப்பேன் சார். அதுக்கப்புறந்தான் கேபிள் போட்டவங்களத் திட்டணும்."

"பரவாயில்லையே! புஸ்தகத்துல இல்லாதது. யாரு சொல்லிக்குடுத்தது?"

அவள் கண்ணை இமைக்காமல் என் பக்கம் கையைக் காட்டினாள்.

"செல்வகுமார் சார்தான். இன்னிக்கிக் காலையிலேர்ந்து சொல்லிக்குடுத்தாரு."

தேர்வாளர் பாஸ் போட்டுவிட்டு என் முதுகில் தட்டினார். நாசியாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.