தாவூதின் மூச்சும் தண்ணி பாலிஷும்

காரிமங்கலம் சந்தைமேட்டுக்குப் பின்னால் குடியிருந்த தாவூதின் மூச்சு முதல் முறையாகத் தீப்பிடித்தது 1984ஆம் வருடம், பங்குனி வெயிலில், பீடி பற்றவைக்கும்போது. குச்சியை உரசி வாயருகே கொண்டுபோனவன் ஒரு மூச்சு விட, உதட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீலத் தீ எழுந்து, மீசையின் வலப்பக்கத்தைத் தின்றுவிட்டு அடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் பயப்படவில்லை. தங்கள் பீடிகளையும் நீட்டினார்கள். வீட்டுப் பின்னறையில் ஒரே ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் தின்னர் கலந்த பாலிஷை ஸ்ப்ரே கன்னால் அடித்துக்கொண்டிருந்தால் அதெல்லாம் எங்கே போகும்? பாதி மரத்தில் ஏறும், பாதி மனுஷனில் ஏறும் என்று ஊர் தீர்த்துச் சொல்லிவிட்டது. அந்த வாரம் மாரண்டஹள்ளியில் தக்காளி விலை விழுந்ததைப் பேசியவர்கள் இதையும் பேசினார்கள். தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பீடியை விட்டால் சரியாகிவிடும் என்றார்கள், விட்டான். அடுத்த வருடம் தீக்குச்சியே தேவைப்படவில்லை. மூச்சை இழுத்துச் சொல்லும் எந்தச் சொல்லும் உதட்டைத் தாண்டியதும் தானாகவே பற்றிக்கொண்டது. ‘உம்’, ‘சரி’, ‘வேணா’ போன்ற பொடிச் சொற்கள் மட்டும் தப்பித்தன. மனைவி வஹிதாவின் பெயர் பாதியிலேயே பற்றியது. அதனால் அவளை ‘ஏ’ என்று கூப்பிட ஆரம்பித்தான். பள்ளிவாசலில் முன்னால் நிற்பவர்கள் தங்கள் சட்டையை நினைத்து அவனைத் தூணோரமாகத் தனியே நிற்கச் சொன்னார்கள். அவன் ஒன்றும் ஊமைக்கோட்டான் இல்லை. பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவன் எழுந்து போனாலும் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருக்கிற ஆள். வஹிதாவுக்கு அவனிடம் பிடித்ததே அந்த வாய்தான். பேச்சில்லாத வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள், பக்கத்து வீட்டு ரேடியோவில் விவசாயச் செய்தி ஓடினால்கூடச் சுவரோரம் போய் நின்று கேட்டாள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, 1986இல், அவளுக்கு நாள் தள்ளியது. சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல வேண்டும். உலகத்தில் அது கேட்கிற முதல் வார்த்தை அதுதான். பாங்கு பொடிச் சொல் அல்ல; அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்து, இழுத்துச் சொல்வது. ஓசூரில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் அன்வர் பாஷா இதைக் கேட்டதும், பிரச்சினை தீர்ந்தது என்பதுபோல், “நானு சொல்றேன் வுடு. தாய்மாமன் சொன்னா ஆவாதா?” என்றார்.

“ஆவும்ணா. யாரு சொன்னாலும் ஆவும். ஆனா எம் புள்ள மொதல்ல அவுங்க கொரலத்தான் கேக்கணும். நானே அதக் கேட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆவுது.” அழுகையை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அந்தத் தின்னர வுடறதுக்கு எதுனா வழி இருந்தா பாருங்க.”

அன்வர் பாஷா வேலை பார்த்த இடம் வெளிநாட்டுக்கு மரப்பொம்மை அனுப்புகிற கம்பெனி. குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பும் என்பதால் அங்கே தண்ணீரில் கரைகிற பாலிஷைத்தான் அடித்தார்கள். அடுத்த முறை வரும்போது ஒரு டப்பாவைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மோர். தாவூது எட்டிப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான். “தண்ணி” என்று ஒரே ஒரு சொல் சொன்னான். அவன் அதுவரை யாரையும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

ஆனாலும் அடித்தான். பிள்ளை அவனுக்கும் பிள்ளைதானே. தின்னர் ஈரம் போகாத கன்னில் புதுசை ஊற்றியதும் அது உள்ளேயே தயிராகத் திரிந்து, குழாய்வாயை அடைத்துக்கொண்டது. கன்னைப் பிரித்துக் கழுவிப் பூட்டி அடித்தால், தண்ணீர் பட்ட மரம் பூனை முதுகுபோல் சிலிர்த்து நின்றது. அதை இரும்பு நாரால் தேய்த்தான். நாரின் தூள் மரத்தில் தங்கித் துரு பிடித்து, தேக்குக் கட்டில் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆனது. பிறகுதான் புத்தி வந்தது. முதலில் ஈரத்துணியால் துடைத்து மரத்தைச் சிலிர்க்கவிட்டு, காய்ந்ததும் உப்புத்தாளால் இழைத்து, அதற்கு மேல் மெல்லிசாக அடிக்கக் கற்றுக்கொண்டான். சாயங்காலம் தொழுகை முடிந்து வந்ததும் வஹிதா அவனைக் கொல்லையில் நிறுத்தித் தன் பெயரைச் சொல்லச் சொல்வாள். பற்றுகிற தீயைக் கையை நீட்டி அளப்பாள். ஒரு சாணாக இருந்தது நான்கு விரற்கடைக்கு இறங்கியது, பிறகு இரண்டு விரற்கடை. வயிறு ஏற ஏறத் தீ இறங்குகிறது என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது முந்தும் என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜாமணிக் கவுண்டர் மகள் கல்யாணத்துக்கு ஒரு டிரஸ்ஸிங் டேபிள் கேட்டார். மழை பொய்த்த வருடம். கிணற்றின் அடியில் கிடந்தது முழுக்க உப்புத் தண்ணீர். அதைக் கலந்து அடித்த பாலிஷ் காய்ந்ததும் மேலே வெள்ளை பூத்துவிட்டது. ராஜாமணி விரலால் தடவிப் பார்த்தார். “இன்னா தாவூது, பொண்ணுக்குக் குடுக்கற சீரு தேமல் புடிச்ச மூஞ்சியாட்டம் இருக்குது? பழைய மாதிரி பளபளன்னு இருந்தாத்தான் எடுத்துக்குவேன். இல்லன்னா வூட்டுலயே வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். தாவூதுக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் ஆயிற்று. மறுநாள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தின்னர் டின்னைத் திறந்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பழையபடி அடித்துப் பார்த்தான்.

மற்ற வீடுகளில் புருஷன்மார் செய்கிற களவு வெளியே வர நாளாகும். இவனுக்கு அந்த வசதி இல்லை. சாயங்காலம் ‘வஹி’ என்று ஆரம்பித்ததும் தீ ஒரு சாண் எழுந்து, பிள்ளைக்கென்று கிழித்துத் துவைத்துக் கொடியில் போட்டிருந்த பழைய வேட்டித் துணியின் ஓரத்தைக் கருக்கியது.

“பொய் சொல்றதுக்காச்சும் ஒரு வாயி வேணும். உங்களுக்கு அதுவும் இல்லீங்களே!” என்று கத்தினாள் வஹிதா.

“சோறு?” என்றான் தாவூது. அந்த ஒரு சொல்லுக்குள் ராஜாமணி, தொழில், ஊரில் தனக்கிருந்த பேர் எல்லாம் இருந்தன.

“சோறு வேணுந்தாங்க. அதுக்கோசரம் எம் புள்ள காதுல நெருப்பக் கொட்டுவீங்களா?”

அவன் டின்னை எடுத்துப் போய் லாரி பட்டறைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்து, ராஜாமணி எடுக்காத மேசையின் ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே குந்தி, பூத்துப்போன பலகையைப் பார்த்தபடியே பல நாள் கழித்தான். வேறு வேலையை அவன் தொடவில்லை. தீ மறுபடி இறங்க ஆரம்பித்தது. இந்த முறை அதன் பின்னாலேயே ஈரமும் வந்தது. அவன் மூச்சுப் பட்ட கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழிவதை வஹிதா கவனித்தாள். கிணற்றுத் தண்ணீர் தெறித்த இடம் காய்ந்தால் வெள்ளையாகும்; இது காய்ந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், மழைத் தண்ணீர்போல் சப்பென்று இருந்தது. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்து, “இதும்மேல ஊதுங்க” என்றாள். மத்தியானத்துக்குள் ஒரு சொம்பு நிறைந்தது. அதைக் கலந்து அடித்த மேசை காய்ந்தபோது, உள்ளே இருந்த மரத்தின் ரேகை ஓடைத் தண்ணீருக்கு அடியில் தெரிகிற மணல்போல் தெரிந்தது. ராஜாமணி குனிந்து நிமிர்ந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மட்டும் விசாரித்தார். “வூட்டுத் தண்ணிதாங்க” என்றாள் வஹிதா.

அதன் பிறகு பாலிஷ் குறையில்லாமல் வந்தது. தீ மட்டும் ஓர் அரிசி நீளத்தில் நின்றுகொண்டு அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வரச் சொன்னபோதும் வஹிதா போகவில்லை. அவள் போய்விட்டால் தீயை யார் அளப்பது? இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் அணைந்துவிடும் என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். நாளிருக்கும்போதே, ஒரு காலை வேளையில், வாளியைத் தூக்கியவளுக்கு வலி கண்டுவிட்டது.

பிரசவம் பார்க்க வந்த குள்ளம்மாள் கதவு ஜன்னலை அடைத்து, சட்டியில் தணல் போட்டாள். பெண் குழந்தை. குரல் எட்டு வீட்டுக்குக் கேட்டது. தகவல் கிடைத்து ஓசூரிலிருந்து வந்துவிட்ட அன்வர் பாஷா, கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் திரைக்கு வெளியே தயாராக நின்றார். தாவூது வாசற்படியில் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். “மச்சான சொல்லச் சொல்லு” என்று கையாலேயே சாடை காட்டினான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“நீங்கதான் சொல்லணும். வாங்க” என்றாள் வஹிதா. குழந்தையைத் தன் பக்கம் அணைத்து, அதன் காதுக்கும் அவன் வாய்க்கும் நடுவில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

அவன் குனிந்து ஆரம்பித்தான். முதல் வரியில் அரிசித் தீ அவள் உள்ளங்கையில் சுருக்கென்று பட்டுக் கொப்புளித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. இரண்டாம் வரியிலும் சுட்டது, ஆனால் குறைவாக. தொழுகைக்கு வாருங்கள் என்கிற இடத்தில் வெறும் வெதுவெதுப்புதான் இருந்தது. வெற்றிக்கு வாருங்கள் என்கிற இடத்தில் கொப்புளத்தின் மேல் குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. வஹிதா கையை எடுத்துவிட்டாள்.

மிச்சத்தை அவன் நேராகக் காதுக்குள் சொல்லி முடித்தான். முடித்தவன் நிறுத்தவில்லை. குழந்தைக்குத் தன் பெயரைச் சொன்னான், அவள் அம்மாவின் பெயரை முழுசாகச் சொன்னான், ராஜாமணியின் மேசையைப் பற்றியும், மழை வராததைப் பற்றியும், அன்வர் மாமா பஸ்ஸில் மோர் கொண்டுவந்ததைப் பற்றியும் சொன்னான். அதற்குள் அவன் மூச்சின் ஈரம் பட்டு, சட்டியில் இருந்த தணல் சொஸ்ஸென்று அணைந்துவிட்டது. குள்ளம்மாள் அலுத்துக்கொண்டே வேறு தணல் எடுக்கப் போனாள். குழந்தைக்கு அன்று ராத்திரிக்குள் இரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு முறைதான் குழந்தை நனைத்தது.