வாங்கன்னு சொல்லாத பக்கம்

பிரபு மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. ஒரு வீட்டு ரசத்துக்குப் போட வேண்டிய பெருங்காயத்தை யாராவது தெருத் தண்ணீர்த் தொட்டியில் கரைப்பார்களா? அவன் கரைத்தான்.

மேற்கு மாம்பலத்தில் பாத்திரக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், மெஸ் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்போம். எல்லா சைட்டுக்கும் அடியில் ஒரே புரோகிராம் கோடுதான் ஓடும். ஆள் உள்ளே வருவது, வெளியே போவது, போன் நம்பரைச் சரிபார்ப்பது எல்லாம் அதன் வேலை. அதற்குக் கோர் என்று பெயர். எழுதியவன் பிரபு. ஒரு கடைக்கு மட்டும் வேண்டியதை அந்தக் கடையின் ஃபோல்டரில்தான் வைக்க வேண்டும், கோருக்குள் கொண்டுவரவே கூடாது. இது எல்கேஜி பாடம். ஆனால் எங்கள் ஆபீசில் புது வேலை வந்தால் பழைய ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்துப் பெயரை மாற்றுவோம், முதலாளி ரகுபதி சார் ஒரு கற்பூரம் காட்டுவார். அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம்.

எங்கள் முதல் கஸ்டமர் தேனாம்பேட்டையில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். சாவு வீட்டுக்குப் பெட்டி, வண்டி, பந்தல் எல்லாம் அவரே அனுப்புவார். எங்கள் கோர், வெளியே போகிற எல்லோருக்கும் 'நன்றி, போயிட்டு வாங்க' என்று காட்டும். அதைப் பார்த்து அவர் பதறிவிட்டார். துக்க வீட்டில் வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது, வாங்க என்றும் சொல்லக் கூடாது, சத்தமில்லாமல் கிளம்ப வேண்டும் என்றார். நியாயம்தான். பெட்டி புக் செய்த வீட்டு போன் நம்பருக்குப் பிரபு ஒரு துக்கக் குறி வைத்தான். குறி இருந்தால் பக்கம் வாயே திறக்காது, வெறும் வெள்ளைத் திரை. காரியம் முடிந்ததும் குறி அழிந்துவிடும். எல்லாம் சரி, ஆனால் அதைக் கோருக்குள் எழுதித் தொலைத்தான். பிறகு அடையாறில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அந்தக் கோரைக் காப்பி அடித்துத்தான் இந்த வருஷம் எங்கள் பட்டினப்பாக்கம் குப்பத்துக்கு நான் மீன் சைட் செய்தேன். கடலுக்குப் போகிறவர்கள் கிளம்பும்போது போனில் பதிவு போட்டால், மயிலாப்பூர்க்காரர்கள் மறுநாள் மீனுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். பதிவு போட்டு வெளியே வந்தால் இங்கும் 'போயிட்டு வாங்க' வரும். என் தம்பி பாலுவும் பதிவு போடுவான். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான்.

ஒரு நாள் குப்பத்துக் கோபாலுக்கு வெள்ளைத் திரை வந்தது. நெட் சரியில்லை என்று சிரித்துக்கொண்டே போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அப்புறம் இன்னொரு படகில் போகிற கிஷோருக்கு வந்தது. அவன் பயந்துபோய்க் கரையிலேயே நின்றுவிட்டான். அவன் போக வேண்டிய படகு முகத்துவாரத்தில் பாறையில் மோதியது. மற்றவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். கிஷோர் வழக்கமாக உட்காரும் பக்கம் மட்டும் நொறுங்கிக் கிடந்தது. அதிலிருந்து குப்பத்தில் யாரும் திரையைப் பார்க்காமல் படகைத் தள்ளுவதில்லை.

கோபாலின் அம்மா கெங்கம்மா மீன் விற்கிறவர். ஒரு நாள் கடையோரம் என்னை நிறுத்தினார்.

"அந்த வெள்ளத் திரைய சரி பண்ணப் போறியாமே? வேணாம் மேகலா. அதுக்குத் தெரிஞ்சிகினுதான் கீது. எம்புள்ளதான் கேக்காம பூட்டான்."

"அத்தை, அது சாவு வீட்டுக்குன்னு எழுதுனது. தப்பா இங்க வந்து மாட்டிக்கினு கீது. அவ்ளோதான்."

"தப்பா வந்துச்சோ, சரியா வந்துச்சோ. கிஷோரு உசுரோட கீறான்ல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நேராக ஆபீசுக்குப் போய்ப் பிரபுவுக்கு போன் போட்டேன்.

"மீன் சைட்டுல பெட்டி புக் பண்ற பக்கமே இல்ல. அப்புறம் துக்கக் குறிய யாரு போடறா?"

"யாரும் போட முடியாது மேகலா. புக் பண்ணாதான் விழும்."

"கோபாலுக்கு விழுந்துச்சே."

"தெரியல. அதக் கோருல இருந்து தூக்கி, பெட்டிக்காரர் ஃபோல்டர்லயே வெச்சுடு. நான் அப்பவே செஞ்சிருக்கணும்." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அன்றே செய்தேன். கோருக்குள் துக்கம் என்ற சொல்லே இல்லாமல் துடைத்து எடுத்தேன். மத்தியானத்துக்குள் மீன் சைட் எல்லோருக்கும் 'போயிட்டு வாங்க' என்று காட்டும்படி ஆகிவிட்டது. பாலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் கெங்கம்மாவோடு சேர்ந்துகொண்டு கத்துவான். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது பாலுவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னால் அலைச் சத்தம்.

"அக்கா, போயிட்டு வாங்கன்னு சொல்லிச்சு. நா கெளம்பறேன். காலைல உனுக்கு வஞ்சிரம் எடுத்தாறேன்."

சரி, மிச்சம் இருந்தது ஒரு சோதனைதான். குறி தன் சொந்த ஃபோல்டரில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அந்த ஐஸ் பெட்டிக் கடையில்தான் பெட்டி எடுத்தோம், எங்கள் வீட்டு நம்பர் அங்கே பதிவாகி இருந்தது. காரியம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டதால் குறி இருக்க வழியில்லை. அந்த நம்பரில் பெட்டிக் கடை சைட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்தேன்.

வெள்ளைத் திரை.

எங்கள் பதிவைத் திறந்து பார்த்தேன். எங்கள் நம்பருக்குக் குறி விழுந்திருந்தது. புதிதாக யாரும் பெட்டி புக் செய்யவில்லை. குறியை அழித்தேன். திரும்பப் போய் வந்தேன். மறுபடியும் வெள்ளைத் திரை, மறுபடியும் குறி. அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் மாம்பலத்தில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

பாலுவுக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. விடாமல் போட்டேன். அதே குரல்.

அப்புறம் கெங்கம்மா கூப்பிட்டார். அவர் பக்கம் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"காத்து மாறிப்போச்சு மேகலா. நம்ம பாலு படகு கண்ணுக்கே தெர்ல. அவன் கெளம்பசொல்ல அது இன்னா சொல்லிச்சு?"

"போயிட்டு வாங்கன்னு சொல்லிச்சு அத்தை."

"அப்டியா. அப்ப ஒண்ணும் ஆவாது, வந்துருவான்" என்று நிம்மதியாகப் போனை வைத்துவிட்டார்.

அதை எல்லோருக்கும் சொல்லும்படி மாற்றி எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.