பால் எங்க பால்

நோர்வூட் ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரியந்தி இரண்டு மாடு வளர்க்கிறாள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து, குடியிருந்த லய வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவில் புல் அறுப்பாள். போன வருடம் பாதையை அகலமாக்க வந்தவர்கள், வெட்டிய மண்ணையெல்லாம் அந்தச் சரிவில் கொட்டினார்கள். புல் முழுக்க மண்ணுக்கடியில் போய்விட்டது. அவளும் கணவன் அழகனும் இரண்டு மைல் நடந்து புல் கொண்டுவந்தார்கள். போதவில்லை. பால் குறைந்தது.

சில மாதங்கள் கழித்து, பாதை வேலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு என்று தோட்டத்துப் பாடசாலையில் பதிவு நடந்தது. முன்னால் நின்றவர்கள் வெடித்த சுவர்களைப் பற்றிச் சொன்னார்கள். பிரியந்தியின் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பிரேமினி என்ற இளம் அதிகாரி கேட்டாள்.

“வீட்டுல என்னங்க சேதம்?”

“வீடு நல்லா இருக்குங்க மிஸ். மாட்டுக்குப் புல்லுதான் இல்லாமப் போச்சு. ரெண்டு மைல் நடந்து கொண்டாறோம்.”

“அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இருக்கா?”

“அது தோட்டத்து நிலம்ங்க.”

பிரேமினி பேனாவை மூடினாள். “வீடு, மதில், நிலம், மரம். இந்தப் படிவத்துல இவ்வளவுதாங்க அக்கா இருக்கு.”

“நிலம் எங்களது இல்ல. பால் எங்க பால்தானே மிஸ்?”

பிரியந்தி ஒரு பையைத் திறந்து, பால் சேகரிக்கும் இடத்தில் அளவு எழுதிக் கொடுத்த துண்டுகளை மேசையில் வைத்தாள். இரண்டு வருடத்துத் துண்டுகள். பிரேமினி புரட்டிப் பார்த்தாள்.

“முன்ன பதினாலு லிட்டர். இப்ப எட்டு. அப்ப ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் நட்டம்.”

“இல்லங்க. இது மழ மாசம், எப்பவும் ரெண்டு லிட்டர் கொறையும். ரோட்டு வேலைக்கு முந்தின மழ மாசத்துத் துண்டப் பாருங்க. ரோட்டால போனது நாலுதான்.”

பக்கத்தில் நின்ற அழகன் அவள் காலை மிதித்தான். பிரேமினி சிரித்துவிட்டாள். பேனாவை மறுபடி திறந்தாள்.

“புல்லுக்கு ரெண்டு மைல் நடக்குறீங்களே, வேலைக்கு நேரத்துக்குப் போக முடியுதா?”

“வாரத்துல ரெண்டு நாள் பிந்திருதுங்க. அன்னைக்கு அரை நாள் சம்பளம்தான் போடுவாங்க.”

“அதையும் முதல்லயே சொல்லியிருக்கணும்.”

பிரியந்தி அதை ஒரு நட்டமாக நினைத்ததே இல்லை. படிவத்தின் கடைசியில் கோடு போட்டு, ‘வருமான இழப்பு’ என்று பிரேமினி கையால் எழுதினாள். மேலே இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழகன் அந்த இரண்டு லிட்டரைப் பற்றியே முணுமுணுத்தான்.

விசாரணைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். ஆறாவது மாதம் பணம் வந்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த தோட்டத்தில் பதிவு நடந்தபோது, வருமான இழப்பு என்ற வரி படிவத்திலேயே அச்சாகி இருந்தது. அங்கே மாடு வைத்திருந்த நான்கு குடும்பங்கள் அதில் எழுதின.

பிரியந்தி தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு, மண் கொட்டிய சரிவைச் சமப்படுத்தினாள். கூலிக்கும் நடுவதற்கான புல் கட்டைகளுக்கும் பணம் போதுமாக இருந்தது. முதல் அறுப்பு அன்று அழகன்தான் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

“நாலு லிட்டருக்கே இவ்வளவு புல்லா!” என்றான்.

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.