இரண்டு விரல் சந்து

உலை மேஸ்திரிக்கு வாழ்க்கையில் இரண்டே கர்வம். ஒன்று, இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். இன்னொன்று, அவருடைய பட்டறையில் பதினான்கு பேரும் மதியம் சுடச்சுடச் சாப்பிடுவார்கள்.

இரண்டாவதற்கு ஒரு செங்கல் போதும். உலைக் கதவை இறக்கும்போது அடியில் அதைச் செருகினால் இரண்டு விரல் சந்து விழும். சந்துக்கு எதிரே தகரப் பலகையில் சாப்பாட்டு டப்பாக்கள். பதினைந்து வருட ஏற்பாடு. உலையருகே உணவு கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் டப்பாவை வைத்தார்கள்.

இப்போது அந்த உலைக்கே ஆபத்து. கேஸையும் குடிக்கிறது, புகையையும் கக்குகிறது என்று மேலிடம் முகம் சுளித்தது. மாதக் கடைசி வாரத்தில் பத்து சதவீதம் குறைத்துக் காட்டாவிட்டால், உலையை இடித்துவிட்டு, பட்டறையில் காய்ச்சி அடிக்கும் இரும்புத் தண்டுகளை வெளியே வாங்கிக்கொள்வார்களாம். குறைக்கும் பொறுப்பு மேஸ்திரியின் சொந்த மச்சினன் தலையில் விழுந்தது. மனைவியின் தம்பி, ஆலையின் எரிசக்தி அதிகாரி. சூட்டை நிறம் நிறமாகக் காட்டும் கேமராவும் கையுமாக அலைந்தான். பர்னரைச் சரிசெய்தான், சுவர் விரிசல்களைப் பூசினான். ஆறு சதவீதம் குறைந்தது. அதற்குமேல் மீட்டர் அசைந்து கொடுக்கவில்லை.

பாவம், மரியாதை தெரிந்த பிள்ளை. கிளம்பும்போதெல்லாம் "மாமா, வர்றேன்" என்று போன் செய்வான். உடனே செங்கல் உருவப்படும், கதவு பொத்தென்று இறங்கும், டப்பாக்கள் பெஞ்சுக்கடியில் பதுங்கும்.

"கதவு கச்சிதமா மூடுது. அப்புறம் எங்கதான் மாமா போகுது?"

"பழைய உலை மச்சான், அப்படித்தான் குடிக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு விரல் சந்து இவ்வளவு பெரிய உலையை என்ன செய்துவிடும் என்று மனதார நம்பினார்.

கடைசி வாரத்துக்கு முந்தின நாள் மச்சினன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"உலைக்கு வயசாயிடுச்சு, இடிச்சிடலாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன் மாமா. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு தைரியம் இல்ல."

மேஸ்திரி குனிந்தார். பெஞ்சுக்கடியிலிருந்து செங்கல்லை எடுத்துக் கதவுக்கடியில் செருகினார்.

"இப்ப ஒருதடவை பாரு."

கேமராவில் கதவடி வெள்ளை வெளேரென்று எரிந்தது. மச்சினன் செங்கல்லைப் பார்த்தான், டப்பாக்களைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"தினம் எவ்வளவு நேரம்?"

"காலையில வச்சா சாயங்காலம்தான் எடுப்போம். யாரு குனியறது?"

"நல்லா இருக்கு மாமா! அக்கா கட்டிக்குடுக்கிற சாப்பாட்டுக்கா இத்தனை கேஸு?"

"கத்தாத, மானம் போகுது."

செங்கல் வெளியேறியது. வாரம் முழுக்கப் பதினான்கு பேரும் ஆறிப்போன சாப்பாட்டை மென்றார்கள். மேஸ்திரியே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று முணுமுணுத்தார்கள். சனிக்கிழமை காலை மீட்டர் பதினொரு சதவீதம் குறைத்துச் சொன்னது. உலை தப்பியது. கைதட்டினார்கள்தான், ஆனால் மதியம் டப்பாவைத் திறந்ததும் பழையபடி முகம் சுருங்கியது.

அந்த முகங்களைப் பார்க்கப் பொறுக்காமல் மேஸ்திரி தன் டப்பாவோடு பத்தடி தள்ளிப் போனார். அடித்து முடித்த தண்டுகளை ஆறப் போட்டிருக்கும் இடம் அது. பக்கத்து இரும்புத் தாங்கியில் டப்பாவை வைத்துவிட்டுக் கைகழுவி வந்தார். மூடி கையைச் சுட்டது. திறந்தால் ஆவி.

பதினைந்து வருடம்! சூடு இங்கே சும்மா கிடந்து ஆறியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது.

"டப்பாவ எடுத்துட்டு இங்க வாங்கடா!"

பதினான்கு டப்பாக்களும் வரிசையாக ஏறின. அப்போது வாசலில், கையில் சாப்பாட்டு டப்பாவோடு மச்சினன் நின்றான்.

"போன் பண்ணாம வந்துட்டேன் மாமா."

யாரும் எதையும் ஒளிக்கவில்லை. மேஸ்திரி தன் டப்பாவை ஓரமாக நகர்த்தி, அவன் டப்பாவுக்கு இடம் விட்டார்.