அம்பயர் அட்டை செல்லுமா?

1

இந்தக் கதை ஒரு மேசைக்காலுக்கு அடியிலிருந்து வந்தது. மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெட்டிக்கடையில் கலர் சோடா குடிக்க ஒதுங்கினேன். ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்து ஒரு சின்ன அட்டையைச் செருகியிருந்தார்கள். சும்மா இருக்க மாட்டாமல் குனிந்து உருவினேன். எண்பதுகளில் சூயிங்கம் பாக்கெட்டோடு வந்த கிரிக்கெட் அட்டை. ஆனால் படத்தில் இருந்தவர் ஆட்டக்காரர் இல்லை, வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர். ரன் கிடையாது, விக்கெட் கிடையாது.

"அத எடுக்காதீங்க, மேச ஆடும்," என்றார் கடைக்கார அம்மா.

இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்துவிட்டேன். இதற்கு மேல் வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: தக்காளிக் கூடைகளின் மேல் மாரண்டஹள்ளியின் வெயில் மெல்ல—

வேண்டாம். இந்தக் கதையில் வெயிலுக்கு ஒரு வேலையும் இல்லை.

அடுத்து: அல்போன்ஸ் ஒரு சுயநலக்—

இதையும் அடித்தேன். அவனைக் கெட்டவனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அதனால்தான் பேனா அந்தப் பக்கம் ஓடியது. அவன் நல்லவன்தான், அதுதானே தொல்லை.

மூன்றாவது: ராஜமேரிக்கு ஓசூர் போக வேண்டும்.

இது நிற்கும்.

3

1987, தவக்காலம். லூர்தம்மாளின் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பிள்ளைகள் ராஜமேரியும் அல்போன்ஸும் இரட்டையர், பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கடையில் நின்றார்கள். ஓசூரில் புதிதாக வந்த ஒரு கம்பெனியிலிருந்து இருவருக்குமே இன்டர்வியூவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து, சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் விடிந்ததும் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். லூர்தம்மாளுக்கு இடுப்பு செத்துவிட்டது, கலர் பெட்டியைத் தூக்க முடியாது. ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க என்று சொல்லிவிட்டார்.

(இந்தத் தாயைக் கொஞ்சம் கொடுமைக்காரி ஆக்கலாமா என்று யோசித்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.)

அந்த வீட்டில் முடியாத வழக்குக்கெல்லாம் ஒரே வழிதான். மாதா சுரூபத்தின் முன்னால் திருவுளச்சீட்டு போட்டு எடுப்பார்கள், வந்ததை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். லூர்தம்மாள் காகிதம் கிழிக்கப் போனபோது ராஜமேரி தடுத்தாள்.

"வேணாம்மா. தோத்தா நானே தோத்ததா இருக்கட்டும். மாதா மேல பழி போட்டுக்கிட்டு காலமெல்லாம் இங்க ஒக்காந்திருக்க என்னால ஆவாது."

அப்படித்தான் சூயிங்கம் அட்டைகள் வெளியே வந்தன.

4

ஆட்டம் எளியது. அட்டைகளைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருவரும் மேலட்டையைத் திருப்புவார்கள். கடைசியாக ஜெயித்தவர் ரன் என்றோ விக்கெட் என்றோ கேட்பார், ஜெயித்த அட்டையையே மறுபடி மேலே வைத்துக்கொள்ளலாம். யார் அட்டையில் எண் பெரிதோ, இரண்டும் அவருக்கு. கை காலியானவர் தோற்றவர்.

அம்பயர் அட்டை இந்தச் சீட்டுக்கட்டில் சேராது, தனியே வைத்துக்கொள்ளலாம். வைத்திருப்பவர் எந்தத் திருப்பையும் "செல்லாது" என்று சொல்லலாம் என்று அதன் பின்புறம் அச்சிட்டிருந்தது. அவரவர் அட்டை அவரவரிடமே திரும்பிவிடும், அடுத்துக் கேட்பதும் சொன்னவரே. ஆனால் சொன்னதுமே அம்பயர் எதிராளியின் கைக்குப் போய்விடுவார்.

அல்போன்ஸுக்கு அது குப்பை. "ஒரு அட்டையக் காப்பாத்திக்கிட்டு எதிராளி கையில கத்தியக் குடுக்கறதா? அம்பயர நீயே வச்சிக்க. உன் பங்குல இருக்கற அந்தப் பெரிய ரன்காரனக் குடு," என்றான். அந்த ரன்காரரை ரன்னில் ஜெயிக்கக் கட்டிலேயே வேறு அட்டை கிடையாது.

இந்த மாற்று நியாயமா? இங்கே நானும் ராஜமேரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறோம். நடுவில் சொன்னால் நஷ்டம், அல்போன்ஸ் சொன்னது சரி. கடைசி அட்டை போகும்போது சொன்னால்? தப்பித்துக்கொள்ளலாம். அப்புறம் அவனுடைய கடைசி அட்டை போகும்போது அவன் சொல்வான், அம்பயர் திரும்பி வந்துவிடுவார். ஆகவே அவரைக் கையில் வைத்திருப்பவரைத் தோற்கடிக்க ஆளே இல்லை, தானே வாயை மூடிக்கொண்டால் ஒழிய.* ராஜமேரி ரன்காரரைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

* எத்தனையோ காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஓட்டை அகப்படவில்லை. வாசகர் கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

5

அவள் கணக்கில் விட்டது ஒன்றுதான். தோற்க மாட்டேன் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னால் ஆட்டம் முடியாது. பஸ்ஸோ நிற்காது.

கண்டக்டர் குப்புராஜ் ஒவ்வொரு நடைக்கும் அந்தக் கடையில் ஒரு பாட்டில் கலர் குடிப்பார். காலி பாட்டிலைப் பெட்டியில் வைத்தாரென்றால் விசில்தான். அன்று அவர் பாட்டிலை வாயில் வைத்தபோது ராஜமேரியிடம் ஒரே அட்டை மிச்சம். செல்லாது என்றாள். அம்பயர் அல்போன்ஸிடம் போனார். பிறகு பேய் பிடித்த மாதிரி ஜெயித்தாள், அவனை ஒரே அட்டைக்குக் கொண்டுவந்தாள். அவன் செல்லாது என்றான். அம்பயர் திரும்பி வந்தார். அவன் கையில் மிஞ்சிய அந்த ஒரே அட்டை எது தெரியுமா? அவள் கொடுத்த ரன்காரர். அவரை வைத்துக்கொண்டு ரன், ரன் என்று கேட்டே அவளுடைய அட்டைகளை ஒவ்வொன்றாகத் தின்றான். பாட்டிலையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுபடி ஒரே அட்டை. திருப்பினாள், அதுவும் போயிற்று. அல்போன்ஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்றதுன்னா சொல்லு மேரி. பஸ்ஸு போவட்டும். ரெண்டு பேரும் இங்கியே கெடப்போம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் சட்டென்று செல்லாது என்று சொல்லியிருப்பாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை.

6

முடிவு ஒன்று: செல்லாது என்றாள். பஸ் போய்விட்டது. இருவரும் அடுத்த அட்டையைத் திருப்பினார்கள், எதற்காக என்று தெரியாமலே.

முடிவு இரண்டு: அட்டைகளை வீசிவிட்டு இருவருமே பஸ்ஸுக்கு ஓடினார்கள். பெஞ்சிலிருந்து எழுந்த லூர்தம்மாள் ஒரு கையால்—

முடியவில்லை. அந்த வாக்கியத்தில் அவரை என்னால் நிற்க வைக்க முடியவில்லை.

முடிவு மூன்று: ராஜமேரி வாய் திறக்கவில்லை. அல்போன்ஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் காலி பாட்டிலைக் கழுவி வைத்தாள். அட்டை பரப்பியிருந்த மேசை ரொம்ப நேரமாக ஆடிக்கொண்டேதான் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த அம்பயரை மேசைக்காலுக்கடியில் கொடுத்து அழுத்தினாள்.

7

மூன்றாவதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை. கடைக்கார அம்மாவிடம் பெயரைக் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. வேறு யாராகவோ இருக்கட்டுமே என்று இன்னமும் ஆசையாக இருக்கிறது.

அம்பயரை உங்கள் கையில் கொடுக்கிறேன். என் முடிவு செல்லாது என்று நீங்கள் சொல்லலாம், சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன். விதிதான் உங்களுக்குத் தெரியுமே. சொன்னதும் அட்டை என்னிடம் வந்துவிடும், ராஜமேரி திரும்பவும் அந்த ஒரே அட்டையோடு உட்கார்ந்திருப்பாள். யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் குப்புராஜின் பாட்டிலில் இன்னும் ஒரு மடக்குதான் இருக்கிறது.