மச்சான் வண்டிக்கு இரண்டு பேரிங்

ரோலண்டின் காரில் இடது முன்சக்கரம் புதன்கிழமை உறுமத் தொடங்கியது. சனிக்கிழமை அவனுடைய கார் கிளப்பின் வண்டிகள் எல்லாம் இங்கிலாந்தின் ஸ்டோக்கிலிருந்து வேல்ஸ் கடற்கரைக்கு வரிசை கட்டிப் போகின்றன. போன வருஷம் கிளட்ச், அதற்கு முந்தின வருஷம் ரேடியேட்டர். இரண்டு தடவையும் அவன் மனைவி பெரில் பையும் கையுமாக வாசலில் நின்றதுதான் மிச்சம்.

"இந்தத் தடவையும் ஏதாவது புட்டுக்கிச்சுன்னா நான் அக்காவோட ரயில்ல போயிடுவேன். நீ கராஜுலயே காரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவனை உடனே கராஜுக்கு விரட்டியது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். சக்கரத்தைச் சுழல விடும் பேரிங் காலி. வலது சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தான். அதிலும் லேசான ஆட்டம். கடையில் வாங்கிய காராக இருந்தால் பெயரைச் சொன்னால் எடுத்து வைப்பார்கள். இது கிட் கார். கூட்டை மட்டும் வரவழைத்து, மற்றதைச் செத்த வண்டிகளிலிருந்து பிடுங்கி, அவனே பூட்டியது. முன்சக்கரங்களின் நடுக்குடம், அதாவது ஹப், இரண்டும் ஜாகுவாருடையவை என்று கிளப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அவை கேரவனுடையவை. காருக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு, கோடை முழுக்க ரோட்டை அடைத்தபடி ஊருமே, அந்தத் தகர வீடு. அந்தச் சொல்லை கிளப்பில் வாய்விட்டுச் சொன்னாலே எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். தலைவர் டெஸ்மண்ட் போட்ட சட்டம்.

ஊரிலேயே கேரவன் கடை உண்டு. அதன் வாசல் கிளப் கூடும் பப்புக்கு நேரெதிர். இணையத்தில் கேட்டால் திங்கட்கிழமைதான் வரும் என்றது. வியாழன் முழுக்கப் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் அலைந்தான். கிடைத்ததெல்லாம் தன் கார் பேரிங்கைவிடத் தேய்ந்தவை. உட்கார்ந்தால் எழச் சொன்னது, எழுந்தால் நடக்கச் சொன்னது மனசு. வெள்ளிக்கிழமை, தெரிந்தவன் எவனும் வராத ஷ்ரூஸ்பரி பக்கத்துக் கேரவன் கடைக்கு பெரிலின் சின்னக் காரை விரட்டினான்.

கவுன்டரில் ஒருவர் முதுகு காட்டி நின்றார். அந்த முதுகை அவனுக்குத் தெரியும்.

"தலைவரே."

டெஸ்மண்ட் திரும்பினார். முகத்தில் ரத்தம் இறங்கி மறுபடி ஏறியது. "அட, ரோலண்டு. மச்சானுக்காக வந்தேன். அவன்தான் இந்தக் கருமத்தை வச்சிருக்கான்."

"நானும் மச்சானுக்குத்தான்."

கவுன்டர் அம்மாள் டெஸ்மண்ட் கேட்டிருந்த பேரிங் பெட்டிகள் இரண்டை வைத்தாள். "சக்கரத்துக்கு ஒண்ணு கண்ணு. ரெண்டுதான் இருக்கு. இனிமே அடுத்த வாரம்தான்." இரண்டு பேரின் கண்ணும் ஒரே பெட்டிகளில் விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். "ரெண்டு மச்சானுக்கும் ஒரே அளவா? யாருக்கு அவசரம்?"

"எங்காளு நாளைக்கே கிளம்பறான்" என்றார் டெஸ்மண்ட்.

"எங்காளு இன்னைக்கு ராத்திரி."

"எங்காளுக்கு மூணு குழந்தைங்க."

"எங்காளுக்கு முதுகுவலி. கூடாரத்துல படுக்க முடியாது."

"ஏலமா விடறேன் நான்?" என்றாள் அவள். "யாராவது ஒருத்தர் நிஜத்தைச் சொல்லுங்க, அவருக்குக் குடுத்துட்டு நான் டீ குடிக்கப் போறேன்."

ரோலண்ட் பெரிலின் சிரிப்பை நினைத்தான். "மச்சான் யாரும் இல்லம்மா. என் காருக்கு. முன்னாடி ஹப் கேரவனோடது. நாளைக்கு என் பொண்டாட்டியைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவள் டெஸ்மண்டைப் பார்த்தாள். டெஸ்மண்ட் கூரையைப் பார்த்தார். பெட்டிகள் ரோலண்ட் பக்கம் நகர்ந்தன.

வெளியே, டெஸ்மண்ட் பின்னாலேயே வந்தார். "ஒண்ணே ஒண்ணு குடுய்யா. என்னோடதும் அதே ஹப்தான், வலது பக்கம் கத்துது."

"உங்க மச்சானோடதா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்குத் தலைவன் நான்தான் முன்னாடி போகணும். ஒண்ணு குடுத்தா உன் ஜாகுவார் ஜாகுவாராவே இருக்கும். இல்லேன்னா எனக்கும் வாய் இருக்கு."

நல்ல பேரம்தான். ஒரு பெட்டிக்கு ஒரு மானம். ரோலண்டின் கை பெட்டியோடு பாதி தூரம் நீண்டும் விட்டது. வலது சக்கரத்தின் ஆட்டம் விரல் நுனியில் ஞாபகம் வந்தது. மலைப்பாதையில் அதுவும் கத்தினால் பெரில் அங்கேயே இறங்கி ஸ்டேஷனுக்கு நடப்பாள். கையை இழுத்துக்கொண்டான். பிறகுதான் கணக்கு உறைத்தது.

"சொல்லுங்க தலைவரே, தாராளமா. என்னை எங்க பார்த்தேன்னு சொல்லுவீங்க?"

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார்.

"மச்சானுக்கு வாங்கப் போனேன்னா, கேரவன் வச்சிருக்கற மச்சானான்னு கேப்பாங்க. அது இன்னும் கேவலம்."

டெஸ்மண்ட் கார் சாவியை எடுத்தார். "நீ கார் கட்டறதுக்குப் பதிலா கடை வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தலைவருக்குத் திடீர்க் காய்ச்சல் என்று செய்தி வந்தது. ரோலண்ட் மட்டும் ரொம்பக் கவலையாக விசாரித்தான்.

ராத்திரியே பேரிங் மாற்றிய முன்சக்கரங்கள் இரண்டும் வெண்ணெயாக ஓடின. பெரில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. முன்னால் உறுமல் நின்றதும், இத்தனை நாள் அதற்கடியில் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் பின்னாலிருந்து கேட்டது. டக். டக். வளைவுகளில் மட்டும். ரோலண்ட் காற்றின் இரைச்சல் அதை மூடட்டும் என்று வேகத்தைக் கூட்டினான்.

"ஏன்யா இப்படிப் பறக்கற?" என்றாள் பெரில். "கடல் என்ன, அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்திடுமா?"

"இன்னைக்குச் சனிக்கிழமை, சீக்கிரமே சாத்தினாலும் சாத்திடும்" என்று சொல்லி இன்னும் அழுத்தினான்.