காய் ஒன்று, கறி ஒன்று

பங்குனி வெயிலில் டப்பாச் சோற்றுக்கு ஆயுசு நாலு மணி நேரம்தான். காலை ஏழு மணிக்குக் கட்டியதை, ராஜபாளையம் நூல் ஆபீசின் சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தின்ன வேண்டும். மாஜிதா இரண்டு நாள் அப்படித் தின்றாள். மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினாள். அத்தோடு டப்பாவுக்கு ஒரு கும்பிடு.

அவளுக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் உள்ளூர்க் கிளையில் வேலை. மத்தியானம் வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டு வந்துவிடலாம். திங்கள், புதன், வெள்ளிதான் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஓட்டலில் தனியாக உட்கார அவளுக்குக் கூச்சம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இலை முன்னால் உட்கார்ந்தால், சுற்றியிருக்கிற நாலு பேர் தங்கள் இலையை விட்டுவிட்டு அவள் இலையைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு அப்படி என்ன தெரிய வேண்டுமோ!

அதனால் சாண்ட்விச். தொண்ணூற்றாறாம் வருஷம் அந்தப் பக்கத்தில் அது புதுச் சொல். திங்கள்கிழமை பேக்கரியில் ஜாம் தடவினதை வாங்கிப் பார்த்தாள்; பல் கூசியது. புதன்கிழமை ஜூஸ் கடையில் தக்காளி வைத்தது. கடித்தவுடன் பாதி சாறு சேலைக்குப் போனது. வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக முளைத்திருந்த காந்திமதிநாதன் கடையைப் பார்த்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு மட்டும் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கிளம்பும்போது தலைமைக் குமாஸ்தா வீரணன் மேசையில் தலையைச் சாய்த்திருந்ததைப் பார்த்துவிட்டாள்.

வீரணனும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ராஜபாளையம் போகிற நாளெல்லாம் ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோவில் பூக்குழி, தீ மிதிக்கிற நாள். அதற்காகக் கையில் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தார். போன வருஷம் அவர் மகள் பரிபூரணம் மூளைக் காய்ச்சலில் பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பிழைத்தால் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பூ இறங்குகிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. இப்போது ராத்திரி ஒரு நேரம்தான் சாப்பாடு. பகலில் இளநீரும் பாலும். கறி, மீன் எல்லாம் வாசப்படி தாண்டக் கூடாது.

"சார், வெள்ளரிக்காயும் தக்காளியும் வச்ச ரொட்டி. ஒண்ணு வாங்கியாரேன். சைவந்தான்."

"வேண்டாம் தாயி. ராத்திரி பாத்துக்கிடலாம்."

"இங்க மயங்கி விழுந்துட்டா ஞாயித்துக்கிழமை பிள்ளைய யாரு தூக்குவா?"

வீரணன் சரி என்று தலையை ஆட்டினார். நல்லது செய்கிற சந்தோஷத்தில் மாஜிதா வெயிலில் இறங்கி நடந்தாள்.

கடை அட்டையில் இரண்டே வரி: காய் சாண்ட்விச், கறி சாண்ட்விச். கறி என்றதும் நாக்கில் ஊறியது. ஆனால் எங்கே அறுத்தது, யார் அறுத்தது என்று தெரியாமல் வாயில் வைக்க முடியாது. ஹலாலா என்று முகத்துக்கு நேராகக் கேட்கவும் சங்கடம். சுற்றி வளைத்தாள்.

"அண்ணாச்சி, கறி எங்க வாங்குறீக?"

"மம்சாபுரத்துல இருந்து வருதும்மா. அப்துல் ஹமீது பாய் அனுப்புதாரு."

"அவரே அறுக்காரா?"

"அவரு கையாலதான். இன்னைக்குக் காலையில அறுத்தது. பழச நான் தொடுகதே இல்ல."

பாய் கையால் அறுத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்! "காய் ஒண்ணு, கறி ஒண்ணு" என்றாள். இரண்டையும் தேர்தல் செய்தி போட்ட பேப்பரில் ஒரே மாதிரி சுற்றி, ஒரே மாதிரி நூல் கட்டிக் கொடுத்தார். இடது கையில் வாங்கியது காய், வலது கையில் வாங்கியது கறி. ஆபீஸ் வரைக்கும் அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். வாசலில் லாரி ஷெட்டுக்காரர் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தபோது இரண்டு பொட்டலத்தையும் ஒரே கைக்கு மாற்றினாள். அங்கேதான் போயிற்று.

வீரணன் பசியில் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். கை கழுவ எழுந்தவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"நல்லாருக்கு தாயி. மசாலா போட்டு வதக்கியிருக்கான். என்ன காய்னுதான் பிடிபடல. நாரு நாரா இருந்துச்சு."

மாஜிதா அப்போதுதான் தன் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். உள்ளே வட்ட வட்டமாக வெள்ளரிக்காய்.

பேப்பரை அப்படியே மடித்து மேசை டிராயருக்குள் தள்ளினாள். மத்தியானம் முழுக்க டைப் அடித்தாள். ஒரே கடிதத்தை மூன்று தடவை அடித்தாள், மூன்றும் தப்பு. வீரணன் தெம்பாக அங்குமிங்கும் நடந்து வேலை ஏவிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் இவளுக்கு அழுகை முட்டியது.

யாருக்கும் தெரியாது. தனக்கும் படைத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அந்த மனுஷர் நிம்மதியாகப் போய் இறங்குவார். சொன்னால், துலுக்கப் பொம்பளை விரதக்காரருக்குக் கறியைக் கொடுத்துவிட்டாள் என்று ஊர் பேசும். வேண்டுமென்றே செய்தாள் என்றுகூடச் சொல்லுவார்கள். வாயை மூடிக்கொள்வதுதான் புத்தி என்று முடிவே கட்டிவிட்டாள். மாலை பஸ்ஸில் ஏறும்வரை அந்த முடிவு நின்றது.

பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மகளைப் பற்றியே பேசினார். "எட்டு வயசாச்சுல்லா, கனமாத்தான் இருக்கா. ஆனா பயமே இல்ல தாயி. அப்பா, நீ சுத்தமா இருந்தா நெருப்பு சுடாதுல்லன்னு கேக்கா. அவ நம்பிக்கையப் பாத்தியா!"

அதற்கு மேல் மாஜிதாவால் முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், செத்த நேரம் நில்லுங்க. மத்தியானம் நீங்க சாப்பிட்டது காய் இல்ல. எனக்குன்னு வாங்குன கறி. பொட்டலம் மாறிப்போச்சு. நான்தான் மாத்திட்டேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் கையிலிருந்த காப்பை மெல்லத் தடவினார். "நாரு நாரா இருந்துச்சே... இருவத்தியொரு நாளா மறந்த நாக்கு, அதுக்குத் தெரியல பாத்தியா" என்றார். பிறகு, "இறங்கினாலும் குத்தம், இறங்காட்டியும் குத்தம். வீட்டுல கருத்தம்மாகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே நடந்து போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. மாஜிதா கிளைக்கு லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. யாரையாவது சண்டை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். காந்திமதிநாதன் அப்போதுதான் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காயையும் கறியையும் ஒரே மாதிரியா கட்டிக் குடுப்பீக? ஒரு அடையாளம் வேண்டாமா? விரதக்காரரு வாயில கறி போயிட்டுது அண்ணாச்சி!"

"போகட்டுமே. அதனால என்ன?"

"என்னவா? ஆட்டுக்கறி தின்னுட்டு எப்படிப் பூ இறங்குவாரு?"

துணியைக் கீழே போட்டார் மனுஷர். "ஆடா? இந்தக் கல்லுல முட்டை கூடப் பட்டதில்லம்மா! நான் சைவப்பிள்ளை!" பலகைக்குக் கீழே குனிந்து, பால் வடிகிற பிஞ்சுப் பலாக்காய் ஒன்றைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். "இதுதான் கறி. எங்க வீட்டுல வாழைக்காய வதக்கினாலும் கறிதான், சேனைய வதக்கினாலும் கறிதான். நீங்க சொல்லுதது ஆட்டுக்கறில்லா!"

"அப்துல் ஹமீது பாய் அறுத்தாருன்னீகளே?"

"அவரு தோப்புல மரத்துல இருந்து அறுத்தாரு. பின்ன, பலாக்காய பிடுங்கவா செய்வாக?"

மாஜிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் காயையே கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பிசின் கையெல்லாம் ஒட்டியது, சேலையில் ஒட்டியது. அவள் கவலைப்படவில்லை.

பூக்குழிக்காக வீரணன் அன்றைக்கு லீவு. வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி கருத்தம்மா. அழுது வீங்கிய கண். மாஜிதா மூச்சு விடாமல் சொல்லி முடித்துக் காயை நீட்டினாள். கருத்தம்மா அதைத் தொடவில்லை.

"நேத்து கறின்னே. இன்னைக்கு பலாக்காய்ங்கே. இதச் சந்தையில வாங்கிட்டு வர எம்புட்டு நேரமாகும்?"

"கடைக்காரர வேணா வந்து கேளுங்கக்கா."

"யாவாரி ஆயிரம் சொல்லுவான்." உள்ளே போய்த் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். "அவுக எறங்குறது மட்டுமில்ல, எம்பிள்ளை அவுக தோள்ல இருப்பா. நீ சொல்றது நெசம்னா இந்தச் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

மாஜிதா ஓரடி பின்வாங்கினாள். "எங்கள்ல அல்லா பேரத் தவிர வேற எது மேலயும் சத்தியம் பண்ணக் கூடாதுக்கா. அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன், அது பலாக்காய்தான்."

"ஒஞ்சாமி ஒனக்கு. எம்பிள்ளை எறங்குறது எங்க ஆத்தா முன்னால. அணைக்க முடியுமா, முடியாதா?"

சூடம் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் பாவாடையில் பரிபூரணம் எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் மாஜிதாவின் கை தானாக மேலே எழுந்தது. பாவமோ மன்னிப்போ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

"வேண்டாம் தாயி."

வீரணன் உள்ளேயிருந்து வந்து தட்டைக் கருத்தம்மா கையிலிருந்து வாங்கினார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"ஏட்டி, செத்த யோசிச்சுப் பாரு. பொய் சொல்லுறவளா இருந்தா நேத்தே பேசாம வீட்டுக்குப் போயிருப்பா. நமக்கு எப்படித் தெரியப்போகுது? அவ சொல்லித்தான் கறின்னே தெரியும். அத நம்பி ராவெல்லாம் அழுதோம்லா? இப்ப இதையும் நம்பித்தான் ஆகணும்."

கருத்தம்மா பலாக்காயை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஜிதா கூட்டத்தில் நின்றாள். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. கருத்தம்மா எங்கிருந்தோ இடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று, அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். துணைக்குப் பிடித்தாளா, தப்பித்துப் போகாமல் பிடித்தாளா, இன்றுவரை மாஜிதாவுக்குத் தெரியாது. வீரணன் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கங்குக்குள் இறங்கினார். அவர் காலில் கொப்புளம் வந்தால் பலாக்காயை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்பது மட்டும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஓடவில்லை, நடந்தார். அந்தப் பக்கம் ஏறினார். பிள்ளை கையை ஆட்டிச் சிரித்தது. கருத்தம்மா மணிக்கட்டை விட்டுவிட்டு ஓட, மாஜிதா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கள்கிழமை காலை பஸ். வீரணன் காப்பை அவிழ்த்து, வெள்ளை வேட்டிக்கு மாறி, புதுச் செருப்புப் போட்டு வந்திருந்தார். படியேறும்போது இடது உள்ளங்கால் படாமல் நுனிக்காலை ஊன்றினார். மாஜிதா பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"புதுச் செருப்பு, கடிச்சிருச்சு" என்றார்.

செருப்பு உள்ளங்காலைக் கடிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

வீரணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கருத்தம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன் தாயி."